தரையில் இரண்டு தட்டு

முழங்கால் அறுவைக்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபிக்குப் போகிறேன். நகராமல் நிற்கிற ஒரு சைக்கிளில் ஏற்றி மிதிக்கச் சொல்கிறார்கள். கைப்பிடிகளுக்கு நடுவில் ஒரு சின்னத் திரை. அதில் என்னென்னவோ எண்கள் ஓடும், நான் பார்ப்பதே இல்லை. நேற்று அந்த டாக்டர் பெண் ஏதோ பொத்தானை அழுத்தினாள். திரை மாறி, வாட் என்ற எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் வந்தன. "ஆன்ட்டி, யே ஆப்கா பவர் ஹே. தோடா அவுர் ஜோர் லகாயியே" என்று, இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதிக்கச் சொன்னாள்.

எனக்குக் கால் நின்றுவிட்டது. வலியால் இல்லை. "பவர்னு சொல்லாதட்டி, திறன்னு சொல்லு. எவ்வளவு அழகா ஒரு சொல்லு இருக்கு" என்று உன் குரல் கேட்டது. டாக்டர் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். குடித்தேன். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

உன்னைத் தெரியாத ஒருவர் இதைப் படித்தால், ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே இருந்த, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய, திருநெல்வேலித் தமிழ் பேசிய ஒரு பெண்ணை மனதில் கொண்டு வர வேண்டும். டெல்லியில் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு. உன் அப்பாவும் என் அப்பாவும் மத்திய அரசு குமாஸ்தாக்கள். மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்தோம், பிறகு கல்லூரியில் நீ இயற்பியல், நான் வணிகம். பள்ளி நாட்களிலேயே நீ ஜூடோ பழகத் தொடங்கியிருந்தாய். ஸ்டேடியத்தில் ஒரு சர்தார்ஜி பயிற்சியாளர். விரிப்பின் ரப்பர் வாசனையும் புளித்த வியர்வை வாசனையும் உன் துணிப்பையிலேயே குடியிருக்கும். உன் அம்மா அதை வாசலுக்கு இந்தப் பக்கம் கொண்டு வர விடமாட்டார்.

ஒரு சனிக்கிழமை உன் அப்பாவின் லோதி ரோடு ஆபீஸுக்கு என்னை இழுத்துப் போனாய். விடுமுறை நாள், காவல்காரர் தெரிந்தவர். தரைத்தளத்தில் நின்று அப்பாவின் கைக்கடிகாரத்தை என்னிடம் கொடுத்து, நீ உச்சியிலிருந்து குரல் கொடுக்கும்போது நேரம் பார்க்கச் சொன்னாய். முதலில் மொட்டை மாடி வரை நடந்து ஏறினாய். இறங்கி வந்து இளைப்பாறி, அதே படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஓடினாய். நான் பின்னால் ஏறி வந்து சேர்ந்தபோது மொட்டை மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாய். வாயைத் துடைத்துக்கொண்டு முதல் வேலையாக நேரத்தைக் கேட்டாய். சுவரில் கரித்துண்டால் கணக்குப் போட்டாய்.

"பாத்தியா? நடந்து ஏறினப்பவும் ஓடி ஏறினப்பவும் நான் செஞ்ச வேல ஒண்ணுதான். அதே எடை, அதே உயரம். நேரம் மட்டும் மூணுல ஒண்ணாச்சு. அப்பம் திறன் மூணு மடங்கு."

"வேலை ஒண்ணுன்னா அப்புறம் எதுக்குப் புள்ள இப்படிக் குடல் வெளியே வர்ற மாதிரி வாந்தி எடுக்கற?"

"அதாம்ட்டி கேள்வியே."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சொன்னாய். உடம்பு மோசமான எஞ்சினாம். எரிப்பதில் நாலில் ஒரு பங்குதான் வேலையாகிறது, மிச்சமெல்லாம் சூடு. மெதுவாக ஏறினால் மூச்சில் வரும் காற்றைக் கொண்டே எரித்துச் சமாளித்துவிடும். திடீரென்று கேட்டால் அதற்கு நேரமில்லை. தசைக்குள் கொஞ்சம் முன்கூட்டியே வைத்திருக்கும், அதை எடுத்துக் கொடுக்கும்.

"வாளியில பிடிச்சு வச்ச தண்ணி கணக்கா. மடமடன்னு ஊத்திக்கிடலாம். ஆனா ஒரு எட்டு, பத்து செகண்டுக்குத்தான் வரும். அதுக்கப்புறம் நம்ம குவார்ட்டர்ஸ் குழாய்தான், நூல் மாதிரி ஒழுகும். என்னைய விடப் பெரிய ஆளுகிட்ட நான் அந்த வாளி தீருததுக்குள்ள ஜெயிக்கணும். இல்லன்னா செத்தேன்."

உனக்கு அடிப்பது பிடிக்கும். இதை மென்மையாக்கிச் சொல்ல மாட்டேன். நெரிசலான ஒரு தனியார் பஸ்ஸில் என் இடுப்பைக் கிள்ளியவனின் விரலைப் பின்னால் வளைத்து மண்டியிட வைத்தாய். அவன் அலறினான். உன் கண்களில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்கு அவனைவிட உன்னிடம்தான் பயம் வந்தது. ஆனால் அவன் "மாஃப் கரோ" என்று மன்னிப்புக் கேட்டதும் விட்டுவிட்டாய். அதன் பிறகுதான் பஸ்ஸுக்குத் தைரியம் வந்தது. எங்கிருந்தோ நாலைந்து பேர் பாய்ந்து அவனை மிதிக்கத் தொடங்கினார்கள். அவன் பற்கள் சிவந்தன. அந்தக் கால்களுக்கு நடுவே நீ புகுந்து, "பஸ்! ஹோ கயா! சோடோ!", போதும் விடுங்கள், என்று கத்தி, உனக்கும் ஓர் உதை வாங்கிக்கொண்டு அவனை வெளியே தள்ளினாய். இறங்கி நடக்கும்போது கேட்டேன், அவன்மேல் என்ன பரிதாபம் என்று.

"பரிதாபம் இல்லட்டி. விரிப்புல ஒருத்தி தரையில ரெண்டு தட்டு தட்டினா தோத்தேன்னு அர்த்தம். அந்த நிமிசமே பிடிய விட்டுடணும். விடலன்னா எலும்பு போயிரும். கோச் மொத மாசம் முழுக்க அதையேதான் சொல்லிக்குடுத்தாரு. புடிக்கக் கத்துக்கிட்டதே அதுக்குப் பெறகுதான்."

உன் அக்காவைப் பற்றி எழுதாமல் இனி நகர முடியாது. உன்னைவிட ஐந்து வயது மூத்தவர், மெதுவாகப் பேசுகிறவர், கோலம் போடும்போது நாக்கைக் கடித்துக்கொள்கிறவர். ஊர்ப்பக்கத்து மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்தார்கள். தனியார் கம்பெனியில் வேலை, யமுனைக்கு அந்தப் பக்கம் மூன்றாவது மாடியில் ஒரு வீடு. கல்யாணமான முதல் வருஷமே அக்காவின் கன்னத்தில் விரல் தடங்கள். அடுத்த வருஷம் முன்கையில் கட்டு. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்றார். மூன்றாவது வருஷம் வயிற்றில் இருந்தது கலைந்தது. அதற்கும் வழுக்கி விழுந்ததுதான் காரணம் என்றார்.

உன் வீட்டில் சண்டை போட்டாய். நானும் இருந்தேன். உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். உன் அப்பா தினசரியிலிருந்து கண்ணை எடுக்காமல், "குடும்பம்னா கொஞ்சம் பொறுத்துத்தான் போவணும். டெல்லியில நம்மூர்க்காரவ நாலு பேரு இருக்காவ. என்ன நெனப்பாவ?" என்றார். அக்காவின் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெண், நாம் பாபி என்று கூப்பிடுகிறவர், ஒரு தடவை போலீசையே கூப்பிட்டுப் பார்த்தார். வந்தவர்கள் இது வீட்டு விஷயம் என்று சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்களாம்.

அந்த மே மாத மத்தியானம் உன் வீட்டில் நாம் இரண்டு பேர்தான். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. நீ எடுத்தாய். பாபியின் குரல் எனக்கே கேட்டது. "ஜல்தி ஆ ஜா பேட்டா. ஆஜ் வோ மார் டாலேகா." சீக்கிரம் வா, இன்றைக்கு அவன் கொன்றே போட்டுவிடுவான் என்றார்.

நீ கத்தவில்லை. போனை வைத்தாய். பின்னலை உச்சியில் சுற்றிக் கட்டினாய். வளையலையும் காதில் கிடந்ததையும் கழற்றி மேஜைமேல் வைத்தாய். "வா" என்றாய்.

ஆட்டோவில் அனல் காற்று முகத்தைப் பொசுக்கியது. பாலத்தைத் தாண்டும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்துகிறவள் போலச் சொன்னாய். "கேட்டுக்கோ. அவன் எம்பத்தஞ்சு கிலோ இருப்பான். எங்கிட்ட அந்த ஒரு வாளிதான் உண்டு. நான் அவனக் கீழ போட்டுப் பிடிச்சதும் நீ அக்காவ இழுத்துட்டு எறங்கு. திரும்பிப் பாக்காத. எனக்காவ நிக்காத. புரியுதா?"

"போலீஸ்..."

"புரியுதாட்டி?"

புரிகிறது என்றேன்.

மூன்றாவது மாடிப் படிக்கட்டு முனையில் பாபி வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். கதவு ஒருக்களித்திருந்தது. நீ காலால் தள்ளினாய். சமையலறை வாசலில் உன் அக்கா உட்கார்ந்திருந்தார். மூக்கிலிருந்து ரத்தம் வாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கண் மூடிப்போயிருந்தது. உன் அத்தான் பெல்ட்டின் ஒரு முனையைக் கையில் சுற்றியிருந்தார், மறுமுனையில் பித்தளைக் கொக்கி ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே அடுப்பில் குக்கர் விசிலடித்தது.

"வாங்க பயில்வான்," என்றார். "அக்காளுக்கு வக்காலத்தா?"

முதல் வீச்சிலேயே கொக்கி உன் புருவத்தைக் கிழித்தது. இரண்டாவது வீச்சுக்கு அவர் கை ஓங்கியபோது நீ பின்வாங்கவில்லை, உள்ளே போனாய். அவர் சட்டையின் கழுத்தும் கைப்பகுதியும் உன் பிடியில். சுழன்று, முழங்காலை மடக்கி, அவருக்கு அடியில் புகுந்து நிமிர்ந்தாய். அந்தப் பெரிய உடம்பு உன் தோளுக்கு மேலே போனதை நான் பார்த்தேன். அவர் குதிகால் சுவர்க் காலண்டரைக் கிழித்துக்கொண்டு வந்தது. மொசைக் தரையில் விழுந்த சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவருக்கு மூச்சே வரவில்லை. அதற்குள் அவர் கையை உன் தொடைகளுக்கு நடுவே இழுத்து, முழங்கையை எதிர்ப்பக்கம் வளைத்துவிட்டாய்.

"கூட்டிட்டு எறங்கு!"

நான் அக்காவின் அக்குளில் கை கொடுத்து வாசல் வரை இழுத்து வந்தேன். அப்போது அவர் அலறினார். திரும்பிப் பார்க்காதே என்றாய், பார்த்தேன். வலியில் அவருடைய மற்றக் கை தரையை அறைந்தது. இன்னொரு முறை அறைந்தது.

நீ பிடியை விட்டாய்.

உன் முகத்தில் ஓடிய குழப்பம் இன்னும் எனக்குத் தெரிகிறது. விட்ட பிறகுதான் எதை விட்டோம் என்று உனக்கு உறைத்தது. அவர் உருண்டு எழுந்து உன் கொண்டையைப் பிடித்தார். தலையைக் கதவு நிலையில் மோதினார். நீ கைகளைத் தூக்கப் பார்த்தாய். அவை பாதி உயரத்துக்கு மேல் வரவில்லை, வாளி தீர்ந்திருந்தது. உன்னைக் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை ஊன்றி, உன் வலது கையைப் பின்னால் முறுக்கி மேலே இழுத்தார். பச்சை மூங்கிலைப் பிளப்பது போல ஒரு சத்தம் வந்தது. நீ தரையைத் தட்டினாய். பழக்கம்தான். இரண்டு தட்டு.

அவர் பெல்ட்டை எடுத்து உன் கழுத்தில் சுற்றினார்.

நான் அவர் முதுகில் விழுந்ததும், காதைக் கடித்ததும், வாயில் உப்புக் கரித்ததும் நினைவிருக்கிறது. அவருடைய முழங்கை என் வாயில் இறங்கியது. முன்பல் ஒன்று நாக்கில் கிடந்தது. சுவரோரம் சரிந்தேன். உன் முகம் நீலமாகிக்கொண்டு வந்தது. கால்கள் தரையை உரசிக்கொண்டிருந்தன.

அப்போது என்னைத் தாண்டி உன் அக்கா போனார். வாசல் வரை வந்தவர் எப்போது திரும்பினார் என்று தெரியாது. சமையலறைக்குள் போனார், வந்தார். கையில் குக்கர். மூடியோடு, பருப்போடு, இன்னும் சீறிக்கொண்டிருந்த குக்கர். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, கிணற்றில் வாளியை வீசுவது போல இடுப்பிலிருந்து சுழற்றினார். அது அவர் புருஷனின் தோளும் கழுத்தும் சேரும் இடத்தில் விழுந்தது.  அந்த ஆள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார்.

அக்கா மறுபடி குக்கரைத் தலைக்கு மேல் தூக்கினார். இந்த முறை அது எங்கே விழும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. வாசலில் பாபி "ஹே பக்வான்" என்றார்.

நீ இருமிக்கொண்டே, கழுத்தில் பெல்ட்டோடு, கிழிந்த குரலில் சொன்னாய். "போதும்க்கா. போதும். விட்டுரு."

குக்கர் இறங்கியது. அவர் காதுக்கு ஒரு சாண் தள்ளி மொசைக்கில் விழுந்து, தரை நட்சத்திரமாக விரிசல் விட்டது. அக்கா கொஞ்ச நேரம் அந்த விரிசலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய் அடுப்பை அணைத்தார்.

ஆஸ்பத்திரியில் உன் அத்தானுக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது, தோளெல்லாம் கொப்புளம். எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டாராம். மாடிப்படியில் வழுக்கி விழுந்தேன் என்றாராம். பெண்டாட்டி அடித்தாள் என்று எழுதிக் கொடுக்க அவருக்கு வாய் வரவில்லை. கடைசி வரை அதையே சொன்னார். அதனால் நம் மீது வழக்கு இல்லை. விவாகரத்துக்கும் அவர் அதிகம் இழுத்தடிக்கவில்லை.

உன் அப்பா ஆபீஸிலிருந்து நேரே வந்தார். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். நீ கட்டுகளோடு, அக்கா ஒரு கண்ணோடு, நான் வாயில் பஞ்சோடு. அவர் ஒவ்வொருவராகப் பார்த்தார்.  "வீட்டுக்குப் போவோம்ளா, ரெண்டு பேரும்" என்று மட்டும் சொன்னார். அக்காவின் செருப்பு அந்த வீட்டிலேயே கிடந்தது. தன்னுடையதைக் கழற்றி மூத்த மகளின் காலடியில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு அந்த வெயிலில் ஆட்டோ பிடிக்கப் போனார்.

உன் தோள் பிறகு சரியாகவே இல்லை. அந்த வருஷ ஜூடோ தேர்வுப் போட்டிக்கு நீ போகவில்லை. எந்த வருஷமும் போகவில்லை. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாத உனக்கு அக்காதான் பின்னல் போட்டுவிட்டார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"எதுக்குப் புள்ள விட்டே? ஒடிச்சிருந்தீன்னா இந்தக் கதியே உனக்கு வந்திருக்காதே."

"அவன் தட்டினாம்லா."

"அவனுக்கு அந்த வழக்கமெல்லாம் தெரியுமா? வலியில தரையை அடிச்சான், அவ்வளவுதான்."

"அவனுக்குத் தெரியாது," என்றாய். "எனக்குத் தெரியும்லா."

எனக்கு ஆத்திரமாக வந்தது. இன்றைக்கும் சில நாள் வருகிறது. அந்த ஆளின் முழங்கை உன் தோளைவிடப் பெரிதா என்று சண்டை போட்டேன். நீ அக்கா அறையில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பேச்சை மாற்றினாய். "அக்கா அடிச்ச அடிய யோசிச்சிட்டே இருக்கேன்ட்டி. ஒரு நாளு கூட ஓடினதில்ல அவ. அந்த வீச்சு எங்கிருந்து வந்துச்சு? திறன்னா வேலைய நேரத்தால வகுக்கது. மேல இருக்கது பெருசாக வேண்டாம். கீழ இருக்கது சின்னதானாலே போதும். அவ மூணு வருசத்த எடுத்து ஒரு செகண்டால வகுத்துட்டா."

சிரித்தாய். சிரித்தால் கழுத்துத் தழும்பு இழுத்துக்கொள்ளும். உடனே நிறுத்திவிடுவாய்.

பிறகு வருஷங்கள் சுலபமாகவே போயின. உனக்கு அரசு ஆய்வுக்கூடத்தில் வேலை. அக்காவுக்கு ஒரு பள்ளி அலுவலகத்தில். எனக்குக் கல்யாணம், குழந்தைகள். இரண்டாயிரம் பிறந்து சில வருஷத்தில் உன் ஈறுகளில் ரத்தம் கசியத் தொடங்கியது. ரத்தத்திலேயே கோளாறு என்றார்கள். அந்த நோய் உன்னை அடித்த அடியைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அதற்குப் பெல்ட் வேண்டியிருக்கவில்லை. ஊசி குத்திய இடமெல்லாம் கருநீலம், வாயெல்லாம் புண். நீயும் சும்மா கிடக்கவில்லை. மருந்து ஏற்றிய மறுநாளே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவாய். நர்ஸ் திட்டுவார். நீ இந்தியில் திருப்பித் திட்டுவாய்.

கடைசி வாரத்தில் ஒரு காலை. படுக்கை விரிப்பு மாற்ற வேண்டும். அக்கா ஒரு பக்கம் விரிப்பை உருவ, நான் உன்னை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி நிறுத்தினேன். உன் கால்கள் தரையில் பேருக்குத்தான் பட்டன. முழு எடையும் என்மேல். எடை என்று என்ன இருந்தது அதில். உன் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. அக்கா விரிப்பின் மூலைகளை இழுத்துச் செருகி, போதாமல் மறுபடி உருவி, திருத்தமாகப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அப்படித்தான் வரும்.

"கை வலிக்கா?" என்று என் காதருகே கேட்டாய்.

"இல்லை."

"பொய். நடுங்குதே." மூச்சு வாங்கினாய். "ஒண்ணு சொல்லட்டா? இப்பம் நீ செய்யுத வேல பூச்சியம்."

"என்னது?"

"எடைய நகத்தினாத்தான் வேல. நீ சும்மா பிடிச்சிட்டு நிக்கே. நான் மேலயும் போவல, கீழயும் போவல. பிசிக்ஸ் கணக்குல நீ ஒண்ணுமே செய்யல."

"அப்புறம் எதுக்குப் புள்ள இப்படிக் கடுக்குது?"

"தச அப்படி. அதுக்கு அசையாமப் பிடிக்கத் தெரியாது. உள்ளுக்குள்ள இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு... எரிஞ்சுக்கிட்டே இருக்கும். வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது."

அக்கா, "ஆச்சு, படுக்க வை" என்றார்.

"செத்த நேரம் இருக்கட்டும்க்கா," என்றாய் நீ. "இவ பிடிச்சுக்கிடுவா."

பிடித்துக்கொண்டிருக்கிறேன்.